திருத்திக் கெடுத்த பெட்டி

என் வாழ்நாளில் நான் பழுதாக்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அதையும் திருத்தித்தான் பழுதாக்கினேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் ரேடியோ திருத்தும் கடையில் சேர்ந்து, பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டவன். எனக்கு ஒருவரும் தொழில் சொல்லித் தரவில்லை. பெட்டி இரைகிற இரைச்சலைக் கேட்டே உள்ளே என்ன போயிருக்கிறது என்று சொல்வேன். படித்தவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேடியதை நான் மூடி கழற்றாமலே சொன்னதுண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து இறங்கியபோது என் இங்கிலீஷ் ஒரு கைக்குட்டை முனையில் முடிந்துவிடலாம். ஆனாலும் இரண்டு வருடத்தில் லின்ஃபீல்டில் வாடகை வீட்டு கராஜுக்குள் பட்டறை வைத்தேன். டீவி, வீடியோ, கசெட் செட் எது வந்தாலும் போகும்போது பாடிக்கொண்டுதான் போகும். கம்பனிக்காரர் இதைத் திருத்த ஏலாது, புதிசு வாங்குங்கோ என்று அனுப்பிவிட்ட சாமான்களெல்லாம் என் மேசைக்கு வந்தன. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது அதுதான்.

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து கெட்டுப்போன சாமானைக் கழற்றினால், சொந்தக்காரரின் கண்ணுக்கு முன்னால் அதைக் குறட்டால் நசுக்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சாமானைக் கழற்றி இன்னொருவரின் பெட்டிக்குப் போட்டுவிடுவான் என்று சந்தேகப்படுவார்கள். நசுக்குகிறபோது வருகிற அந்தச் சின்னச் சத்தம்தான் எங்கள் நாணயத்துக்குச் சாட்சி. ஆக்லாந்தில் ஒருவரும் அப்படிச் சந்தேகப்படவில்லை. நான்தான் வழக்கத்தை விடவில்லை. குறடு நொறுக்குவதைப் பார்த்து வெள்ளைக்காரர் கண்ணை விரிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் மனைவி முதியவர்களின் வீடுகளுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தாள். ஊரில் அவள் கந்தோரில் கிளார்க்காக இருந்தவள். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் கதைப்பாள். அதை எனக்கு ஞாபகப்படுத்தாத நாள் கிடையாது. குளிர்காலத்தில் ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ரானுயியில ஒரு மனுசியின்ர வீட்டுக்குப் போறனான் எல்லோ? அவவின்ர அறைக்குள்ள ஒரு இரும்பு அலுமாரி இருக்குது. போன கிழமை அது அழுதது."

"அலுமாரி அழுததோ? நீர் மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

"பகிடி விடாதையுங்கோ. அது பாட்டுப் பெட்டியாம். தானே செய்ததாம், லண்டனில. இப்ப நிண்டு போச்சு. மனுசி சாப்பிடாமல் அதுக்கு முன்னால குந்திக்கொண்டிருக்கிறா. என்ர மனுசன் பார்ப்பார் எண்டு சொல்லிப்போட்டன்."

"பார்ப்பார் எண்டு சொன்னனீரோ? திருத்துவார் எண்டு சொல்லியிருக்க வேணும்."

"அதை நீங்கள் போய்ச் சொல்லுவியள்தானே. எனக்கு ஏன் அந்தக் கஷ்டம்?"

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் போனோம். மழை. பலகை வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. அவ சொன்னதையெல்லாம் இங்கிலீஷில்தான் சொன்னா. பாதியை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். நான் என் பாஷையிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

பின்னறையில் அந்தப் பெட்டி நின்றது. என் நெஞ்சு உயரம். சாம்பல் நிற இரும்பு. முகப்பில் கையால் திருப்புகிற ஆறு பெரிய திருகுகள், சத்தத்துக்கு ஒன்றாக. எழுத்தோ இலக்கமோ இல்லை. நகச்சாயத்தால் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வைத்திருந்தா. உலக யுத்தம் முடிந்து லண்டனில் பட்டாளத்துச் சாமான்களை நிறைக்கு விற்றபோது வாங்கி, குசினி மேசையில் வைத்து நாற்பது வருடங்களுக்கு முன் தானே பூட்டியதாம். முதுகுப் பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகள், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற, மெழுகு பூசிய பழைய கொண்டென்சர்கள், கையால் சுற்றிய கம்பிச் சுருள்கள். சுத்தமான வேலை. நான் லேசில் யாரையும் மெச்சுகிறவன் அல்லன். அன்றைக்கு மெச்சினேன்.

"மேடம், நீங்கள் என்னைப்போல ஆள்" என்றேன்.

மனைவி அதைச் சொன்னதும் அவ சிரித்தா. அதற்குப் பிறகு கனநாள் நான் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்திருந்தது. பக்கத்தில் பெரிய ரேப் ரெக்கோர்டர், சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிப்பிக்கும் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது என்றா. பெட்டிக்கு உயிர் வருகிற அந்த முதல் நிமிடத்திலிருந்தே அதன் சத்தம் நாடாவில் பிடிபட வேண்டும், அதற்காக ஓடவிட்டிருக்கிறேன் என்றா. பிறகு விரலை நீட்டிச் சொன்னா.

"மின்சாரம் வாற பக்கத்தில ஏதோ எரிஞ்ச மணம் வந்தது. அதை மட்டும் பாருங்கோ. வேற ஒண்டையும் தொட வேண்டாம்."

அந்தச் சொல் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் பொய். ஆனால் முப்பது வருடமாக எல்லா வாடிக்கையாளரும் இதையே சொல்வதைக் கேட்டவன் நான். காசு கூடிவிடும் என்ற பயத்தில் சொல்வார்கள். இந்த அம்மாவும் அதற்குத்தான் சொல்கிறா, பாவம், நான் சும்மா செய்து கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

எரிந்த இடத்தைச் சரிசெய்ய அரைமணி நேரம் போனது. அவவும் என் மனைவியும் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்கள். நான் பெட்டியை மெல்லப் போட்டுக் கேட்டேன். ஆறு சத்தங்கள் வந்தன. ஒன்றுகூட ஒரே சுருதியில் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வழுக்கிக்கொண்டு போயின. என் காதுக்கு அது பெரிய அவமானம். தேக்கிய மின்சாரத்தை ஒழுகவிடுகிற கொண்டென்சர்கள்! இவ்வளவு அழகான வேலைக்குள் இப்படியொரு பழுதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளா நான்? பெட்டியை நிற்பாட்டினேன். என் பையில் எப்போதும் புதுச் சாமான்கள் இருக்கும். ஆறு கொண்டென்சர்களையும் கழற்றி, ஆறு புதிதுகளை ஈயம் வைத்துப் பூட்டினேன். இருபது நிமிடம். அந்த வேகத்தில் செய்யக்கூடியவர்கள் இந்த ஊரில் அன்றைக்கு வேறு ஒருவரும் இல்லை.

அம்மா தட்டோடு கதவடிக்கு வந்தா. நான் கடதாசியில் கிடந்த ஆறு பழையவற்றையும் காட்டினேன்.

"எல்லாம் குப்பை, மேடம். காசு வேண்டாம்."

சொல்லிக்கொண்டே குறட்டை எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. மெழுகு வெடித்து, உள்ளிருந்த வெள்ளித்தாள் பிதுங்கியது. ஆறையும் நசுக்கினேன். அவ அப்படியே நின்றா. தட்டில் கோப்பைகள் மெல்ல ஆடிச் சத்தம் போட்டன. என் நாணயத்தைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டா என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைப் போட்டுக் காட்டினேன். ஆறு சத்தங்கள், ஆணி அடித்தது போல. ஒரு மயிரிழை ஆடவில்லை.

அவ கனநேரம் கேட்டா. தட்டைக் கீழே வைத்தா. ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தா. பிறகு, "நன்றி, இனிப் போங்கோ" என்றா. தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை.

காரில் நான் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். மனைவிதான் முகம் கொடுக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன?"

"மனுசி அழுதவ. நீங்கள் பையைக் கட்டேக்க."

"சந்தோஷத்தில அழுதிருப்பா."

"ஓம். நீங்கள் கை வைச்சால் எல்லாரும் சந்தோஷத்திலதானே அழுவினம்."

அடுத்த கிழமை மனைவி வேலைக்குப் போனபோது முழுக் கதையையும் கேட்டு வந்தாள். குசினியில் நின்றபடியே சொன்னாள். நான் கதிரையில் இருந்து கேட்டேன்.

இருபத்திரண்டு வயதில், யுத்தத்தின்போது, அந்த அம்மா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதிரியின் தந்திச் சத்தத்தைக் கேட்டு எழுதுகிற வேலை செய்தவ. அனுப்புகிறவன் யார் என்று அவன் கை நடுக்கத்தை வைத்தே சொல்வாவாம். பிறகு லண்டனில் ஒரு சின்னச் சத்தக்கூடத்தில் இருபது வருடம் வேலை. வானொலி நாடகங்களுக்குக் காய்ச்சல்காரனின் கனவு எப்படிக் கேட்கும், சந்திரனில் காற்று எப்படி அடிக்கும், சவர்க்கார விளம்பரத்துக்கு நுரை எப்படிப் பொங்கும் என்று நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்தவ. அப்படி ஒரு சங்கீதம் இருக்கிறது என்றே உலகத்துக்குத் தெரியாத காலம். ஒரு நாடகத்திலும் அவ பெயரைச் சொன்னதில்லை. அவவைப் பார்த்து வேலை பழக வந்த ஆண்பிள்ளைகள் பெரிய பெயர் எடுத்தார்கள். அவ தமக்கையோடு ஆக்லாந்துக்கு வந்து, ஒரு கந்தோரில் டைப் அடித்து ஓய்வுபெற்றா. பெட்டி பின்னறையில் இருந்தது. இந்த வருடம்தான் அந்தப் பல்கலைக்கழகத்து மனிதர் தேடி வந்து, உங்கள் பெயரில் ஒரு ஆக்கம் வேண்டும், எங்கள் மண்டபத்தில் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவோம் என்று கேட்டிருக்கிறார். எழுபத்தாறு வயதில், சொந்தப் பெயரில் முதலாவது.

"அந்தப் பெட்டி சூடேற ஆறு சத்தமும் தன்ர தன்ர வேகத்தில இறங்குமாம்" என்றாள் மனைவி. "இருபது நிமிசத்தில ஆறும் ஒரே சுருதியில வந்து சந்திக்குமாம். அவ எத்தினையோ தரம் தனிய இருந்து கேட்டவ. ஆனால் ஒருநாளும் பதியேல்லை. ஆர் கேக்கப் போகினம் எண்டு விட்டிட்டா. இப்ப பதிய வெளிக்கிட, பாதியில பெட்டி நிண்டு போச்சு. மிச்சப் பாதியைத்தான் உங்களிட்ட கேட்டவ."

நான் மேசையில் கிடந்த குறட்டை எடுத்து விரித்து விரித்து மூடினேன்.

"அந்தப் பழைய சாமான்களைத் திருப்பிப் போட ஏலாதோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே என் குறட்டைப் பார்த்தாள்.

நான் திரும்பிப் போனேன், தனியாக. மன்னிப்புக் கேட்கிற இங்கிலீஷை மனைவியிடம் பழகிக்கொண்டு போனேன். கதவடியில் அது வாய்க்கு வரவில்லை. அம்மா என்னை உள்ளே விட்டா. அந்த முதல் பாதி நாடாவைப் போட்டுக் காட்டினா.

பூசை முடிந்து ஆர்மோனியத்தை மூடுகிறபோது, துருத்தியில் மிச்சமிருக்கிற காற்று மெல்ல இறங்குமே, அப்படி. ஆறு பேர் ஆறு பக்கத்திலிருந்து ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு வீட்டை நோக்கி நடந்து வருகிறதுபோல. பத்து நிமிடம். இன்னும் கொஞ்சம்தான், வந்துவிடுவார்கள் என்று என் உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது. டக்கென்று நின்றது.

அந்த ஒழுக்கைத்தான் நான் குப்பை என்றேன்.

"நான் எடுத்துத் தாறன், மேடம்" என்றேன். "அதே சத்தம். எனக்கு ஏலாத வேலை இல்லை."

அன்றிலிருந்து இரண்டு மாதம். ஞாயிறுச் சந்தைகளில் பழைய வால்வ் ரேடியோக்களைத் தேடினேன். ஹெண்டர்சன் பக்கத்துக் குப்பைமேட்டில் மழைக்குள் நின்று கிளறினேன். அந்தக் காலத்து மெழுகுக் கொண்டென்சர்கள் முப்பதுக்கு மேல் சேர்ந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், ஆறு ஆறாகப் பூட்டிக் கேட்டோம். ஒழுகின, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு பழசும் தன் பாட்டுக்கு ஒழுகியது. ஒன்று மேலே ஏறியது. ஒன்று நடுங்கிவிட்டுச் செத்தது. ஐந்து இறங்க, ஒன்று அசையாமல் நின்றது. நாற்பது வருடம் அந்தப் பெட்டிக்குள் கிடந்து, அந்தச் சூட்டில் கிழடானவை அந்த ஆறும். அதற்கு மாற்று உலகத்தில் இல்லை.

"கையால மெள்ளமாத் திருப்பினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் மூண்டைத் திருப்புறன், நீங்கள் மூண்டைத் திருப்புங்கோ."

செய்து பார்த்தோம். நகச்சாயப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினோம். ஆறும் ஒரே இடத்துக்கு வந்தன. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆரோ திருப்புகினம் எண்டு கேக்குது" என்றா.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. என் காது எனக்குப் பொய் சொல்லாது. அன்றைக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஹீட்டரைக் கிட்ட வைத்துப் பார்த்தோம், தள்ளி வைத்துப் பார்த்தோம். மயிர் உலர்த்துகிற மெஷினையும் பிடித்துப் பார்த்தோம். மண்டபத்து நாளுக்கு மூன்று கிழமை இருக்கையில் நான் இன்னொரு ஆறைப் பையிலிருந்து எடுத்தேன். அவ என் கையைப் பிடித்தா. குளிர்ந்த கை.

"காணும், விடுங்கோ."

"இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்குது, மேடம்."

"காணும். உங்கட புதுசுகளைத் திரும்பப் பூட்டிவிடுங்கோ."

"புதுசையோ? அது ஆடாதே."

"தெரியும். ஆடாத மாதிரியே பூட்டுங்கோ."

பூட்டினேன். முடிந்ததும் அவ ஒரு துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் நீட்டினா.

"உங்கட பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ. மண்டபத்தில குடுக்கிற தாளில போடவேணும்."

என் பெயரை எங்கே எழுதினாலும் பெரிதாக எழுதச் சொல்கிறவன் நான். கராஜ் வாசலில் இரண்டு அடி எழுத்தில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு வேண்டாம் என்றேன்.

"கெடுத்தவன்ர பேரை ஏன் போடுறியள்?"

"சத்தத்தில கை வைச்ச ஆளின்ர பேர் போடத்தான் வேணும்" என்றா. "எனக்கு ஒருத்தரும் போடேல்லை."

அவ என்னை மன்னித்துவிட்டா என்று இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம். நானும் ஒருகாலம் அப்படி நினைத்துக்கொண்டேன். கதவடியில் வைத்து வேறொன்றும் சொன்னா. "இது நான் செய்ய நினைச்சது இல்லை. நினைச்சது இனி வராது." கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்கிற மாதிரிச் சொன்னா.

மண்டபத்துக்கு நானும் மனைவியும் போனோம். நான் கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பெரும்பாலும் இளம் ஆட்கள். மேடையில் ஒருவரும் இல்லை. இரண்டு ஸ்பீக்கர் மட்டும். அம்மா முன்வரிசையில் அதே கம்பளிச் சட்டையோடு இருந்தா. மனைவி தாளை விரித்து வாசித்தாள்.

"மேல அவவின்ர பேர். கீழ உங்கட பேர். ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை."

விளக்கைக் குறைத்தார்கள். முதல் பாதி வந்தது. ஆறு பேர் ஆறு பக்கத்திலிருந்து நடந்து வந்தார்கள். மண்டபமே முன்னுக்குச் சாய்வது எனக்குத் தெரிந்தது. கிட்ட வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம்.

நின்றது.

அமைதி. பிறகு ஒரு நொறுங்கல்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள். மெழுகு வெடிக்கிற சத்தம், பின்னால் கோப்பைகள் ஆடுகிற சத்தம். இரண்டு. மூன்று. ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. "எல்லாம் குப்பை" என்ற என் குரலும் வரும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தேன். அதை அவ வெட்டி எடுத்திருந்தா. நான்கு. ஐந்து. என் வலது கை மடியில் தானாகவே மடங்கி, குறடு பிடித்ததுபோல் இறுகியது. மனைவி அதன்மேல் தன் கையை வைத்தாள். ஆறு.

அதற்குப் பிறகு என் புதுச் சாமான்களின் சத்தங்கள் வந்தன. ஆறும் தனித்தனியாக, நின்ற நின்ற இடத்திலேயே. பத்து நிமிடம். மற்றவர்களுக்கு என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது. முன்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, காதில் ஏதோ மாட்டியிருப்பது போல் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திப் பிடித்திருந்தா. நான் ஒன்றைப் பிடித்துக் கேட்டேன், பிறகு மற்றதை. எங்கேயாவது ஒன்று ஒருக்காவாவது மற்றதன் பக்கம் அசையாதா என்று கடைசி நிமிடம் வரைக்கும் காத்திருந்தேன்.

அசையவில்லை. என் வேலை அப்படி.